நானூத்துப் பன்னெண்டு பேரும் படிச்ச யோகா

விருப்பமா? இந்தப் பிள்ளையளுக்கு விருப்பம் இருக்கான்னா கேக்கிய?

இல்ல. எழுதிக்கிடுங்க மேடம். சர்க்கார் நடத்துற இணையவழிப் படிப்பைப் பயன்படுத்த இந்தக் கல்லூரி மாணவ மாணவியருக்கு விருப்பம் இல்லவே இல்ல. எழுதிட்டியளா? உங்க ஆராய்ச்சி முடிஞ்சுது. இத டைப் அடிச்சு, கடைசில நூறு புஸ்தகம் பேரப் போட்டு, பைண்டு பண்ணிக் குடுத்துட்டு டாக்டர் பட்டத்த வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க. அம்புட்டுத்தான் விஷயம்.

சிரிக்கிய. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. இருபத்திரெண்டு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர் லேப்புல கெடக்கேன். வந்த பய, போன பய எல்லாவனையும் பாத்தாச்சு. செருப்ப வெளியதான விட்டிய? சரி. இப்படி உக்காருங்க. கவர எடுக்காண்டாம், கவர் மேலயே உக்காருங்க. சேரு வாங்கி ஆறு வருஷமாச்சு, இன்னும் புதுசு கணக்கா இருக்கு பாத்தியளா? கம்ப்யூட்டரும் அப்படித்தான். மொத்தம் நாப்பது, எல்லாம் புதுசு மாதிரியே இருக்கும். ஓடுதது இருபத்திமூணு. ஆனா ஒண்ணுலயும் ஒரு கீறல் காங்க முடியாது.

கதவு பூட்டிக் கெடக்கேன்னு வந்ததும் கேட்டிய. பின்ன? பூட்டாமப் போட்டா என்ன ஆகும்? பிள்ளைய உள்ள வந்துரும்லா.

நான் சங்கரலிங்கம். லேப் ப்ரோக்ராமர். பேருதான் ப்ரோக்ராமர். இங்கன உள்ள வாத்தியாருமாரு எல்லாம் "ஏ, அந்தக் கம்ப்யூட்டர் ஆளக் கூப்பிடு"ம்பாவ. பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா நான், ஃபேன் ஓடலன்னா நான். வெளிய கதவுல 'நோடல் ஆபீசர்'னு போர்டு பாத்திருப்பியள்லா? அது போன வருஷம் வந்தது. சர்க்காரோட இணையப் படிப்புக்கு ஒவ்வொரு கல்லூரியிலயும் ஒரு பொறுப்பாளு இருக்கணும்னு சுத்தறிக்கை. டாக்டர் பட்டம் வாங்குன மகராசனுவ ஒருத்தரும் முன்னால வரல. பிரின்சிபால் என்னையக் கூப்பிட்டு, "சங்கரலிங்கம், இத நீரு பாத்துக்கிடும்"னாவ. போர்டுக்கு நானேதான் சொல்லி அடிச்சேன்.

சரி, விருப்பத்துக்கு வாரேன். ஜூன் மாசக் கடைசி. எல்லாப் பிள்ளையளையும் செமினார் ஹால்ல கூட்டியாச்சு. திரை போட்டு, மைக்கு வச்சு, அரை மணி நேரம் பேசுனேன். "எத்தன படிப்பு இருக்கு தெரியுமா! வீட்ல இருந்தே படிக்கலாம், பரிச்ச எழுதுனா சான்றிதழ், அந்த மார்க்கு உங்க டிகிரியிலயே சேரும், எல்லாம் இலவசம்!" தொண்ட காஞ்சு போச்சு. யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேட்டா ஒருத்தன் எந்திரிக்கான். "சார், தமிழ்ல இருக்கா?"

கேட்டியளா கேள்விய? டிகிரி படிக்க வந்தவன் கேக்குத கேள்வியா அது? உக்காருலேன்னு சொன்னேன். இன்னொருத்தி, "சார், லேப் எத்தன மணில இருந்து எத்தன மணி வர தொறந்திருக்கும்?" ஏம்மா, இது லேப்பா பிரவுசிங் சென்டராம்மா? மூணாவது ஒருத்தன், "வீட்ல நெட்டு இல்ல சார், என்ன செய்ய?" என்னைக் கேட்டா? நானா டவர் நட முடியும்? அதுக்குப் பெறகு ஒருத்தனும் வாயத் தொறக்கல. எருமை மாட்டு மேல மழ பெஞ்ச மாதிரி உக்காந்திருக்கானுவ. ஒரு ஆர்வம் வேண்டாமா? ஒரு கேள்வி கேக்க வேண்டாமா?

சரி, நாமளே பதிவு பண்ணி விடுவோம்னு வகுப்பு வகுப்பா லேப்புக்குக் கூப்பிட்டேன். பேரு அடிச்சா ஒரு ஓடிபி வரும். நாலு நிமிஷத்துக்குள்ள அந்த நம்பரப் போடணும். அம்புட்டுதான். அதுக்கு, "சார், போனு கேட்டுல இருக்கு"ங்கானுவ. ஆமா, கேம்பஸுக்குள்ள போனு கூடாது. காலையில வாட்ச்மேன் வாங்கி, வகுப்பு வகுப்பா சாக்குல போட்டுக் கட்டி வச்சிருவாரு. அது சட்டம். அதுக்காக? நாலு நிமிஷத்துல கேட்டுக்கு ஓடி, சாக்க அவுத்து, பாத்துட்டு ஓடியார முடியாதா? இந்த வயசுல நாங்கள்லாம் என்ன ஓட்டம் ஓடுனோம்! ரெண்டு பய போனான். ஒருத்தன் திரும்பி வந்தான், நம்பர மறந்துட்டு. இன்னொருத்தன் வரவே இல்ல.

அன்னைக்கே தெரிஞ்சு போச்சு எனக்கு. இதுக பயன்படுத்தாது. சோத்த ஊட்டி விட்டாலும் மென்னு முழுங்க ஒரு ஆளு வேணும்.

பிரின்சிபால் கூப்பிட்டாவ. "வெள்ளிக்கிழமைக்குள்ள நூத்துக்கு நூறு பதிவு காட்டணும், பக்கத்துக் காலேஜ்ல தொண்ணூறு ஆயிட்டாம்." நான் என்ன செய்ய? எல்லாப் பிள்ளைக்கும் கல்லூரிப் பேர்ல ஒரு மெயில் ஐடி உண்டாக்குனேன். அது நம்ம கையில உள்ள காரியம்லா. நானூத்துப் பன்னெண்டு ஐடி. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஓடிபி எல்லாம் என்கிட்டயே வரும். வியாழக்கிழம மத்தியானம் பதிவு முடிஞ்சுது. பக்கத்துக் காலேஜ்காரன் இன்னும் பிள்ளையள விரட்டிக்கிட்டுத் திரியுதான், கூறுகெட்ட பய.

என்ன படிப்பா? யோகாவும் நல்வாழ்வும். நானூத்துப் பன்னெண்டு பேருக்கும் அதான். கெமிஸ்ட்ரிக்காரன், காமர்ஸ்காரன், தமிழ் இலக்கியம், எல்லாவனுக்கும் நல்வாழ்வு வேணும்லா? அதுவும் போக, அதுக்கு நேர்ல போயி எழுதுத பரிச்ச கெடையாது, வாரா வாரம் கேக்குத கேள்வியும் லேசு. 'மூச்ச உள்ள இழுத்தா என்ன ஆகும்?' இப்படி. ஒரு தடவ விடையக் கண்டுபிடிச்சுட்டா நானூத்துப் பதினோரு தடவ அதையே அமுக்க வேண்டியதுதான். நானும் முழுசாப் பாக்கல. இருபத்திமூணு கம்ப்யூட்டர்லயும் சத்தத்தக் கொறச்சு வீடியோவ ஓட விட்டுருவேன். இந்த ரூம் முழுக்க ஒரு சாமியாரு இருபத்திமூணு பேரா உக்காந்து கண்ண மூடிக்கிட்டிருப்பாரு. நான் நடுவுல நின்னு அமுக்கிக்கிட்டே போவேன். முதுகு விட்டுப்போச்சு மேடம். யாருக்காக? இந்தப் பிள்ளையளுக்காக. ஒருத்தராவது, சார் நீங்க கஷ்டப்படுதிய, ஒரு டீ குடிங்கன்னு சொல்லணுமே. தெரிஞ்சாத்தான சொல்லும்? தாம் படிக்கோம்னே தெரியாது அதுகளுக்கு.

ஒருத்தராவது உண்மையிலயே படிச்சாங்களான்னா?

ம். கேட்டுட்டிய. ஒருத்தி உண்டு. செண்பகவல்லின்னு ஒரு பிள்ள, கெமிஸ்ட்ரி மூணாம் வருஷம். அந்தப் பிள்ளையால நான் பட்ட பாட்ட எழுதுனா உங்களுக்கு இன்னொரு டாக்டர் பட்டம் கெடைக்கும்.

ஆகஸ்ட் கடைசி வாரம். அந்தா, அந்த வாசப்படில வந்து நிக்கா. செருப்பக் கழத்திட்டு, நோட்ட நெஞ்சோட புடிச்சுக்கிட்டு. "சார், போன்ல பதிவு பண்ணப் பாத்தேன். என் காலேஜ் ரெஜிஸ்டர் நம்பர் ஏற்கெனவே இருக்குன்னு வருது. என் பேர்ல யாரோ யோகா படிக்காவ சார்."

யாரோ இல்லம்மா, நான்தான்னு சொன்னேன். திருதிருன்னு முழிக்கா. "நீ ஒண்ணும் கவலப்படாத, உனக்கு டிசம்பர்ல சான்றிதழ் வந்துரும், போ"ன்னேன். சந்தோசப்பட வேண்டியதுதான? மத்தவளா இருந்தா ஓடிப்போயிருப்பா. இவ, "எனக்கு யோகா வேண்டாம் சார். தண்ணி பரிசோதன படிப்பு ஒண்ணு இருக்கு, பன்னெண்டு வாரம். அது வேணும்"ங்கா.

தண்ணியப் படிக்க என்ன இருக்கு? கேட்டேன். ஆறுமுகநேரிக்கு அங்கிட்டு உப்பளத்துப் பக்கம் அவ ஊரு. அவ அப்பன் உப்பு வாருத ஆளு. ஊருக்குள்ள போர் போட்டா உப்புத்தண்ணி, கொழாயில வாரதும் ஒரு மாதிரியாம். "வருஷத்துக்கு ஒரு தடவ ஒரு ஆளு வந்து குப்பியில தண்ணி புடிச்சுட்டுப் போவாரு சார். ரிசல்ட்டு வந்ததே இல்ல. அந்த ஆளுக்கு வயசாயிட்டு. எங்க பேரூராட்சியில அந்த வேலைக்கு வார ஜனவரில ஆளு எடுக்காங்க. டிகிரி கடைசி வருஷம் படிக்கவங்களும் போடலாம், கூட இந்த சர்டிபிகேட்டு இருந்தாப் போதும். எங்க ஊர்ல கெமிஸ்ட்ரி படிச்சது நான் ஒருத்திதான் சார்."

ஆச யாரை விட்டுச்சு? பேரூராட்சி வேல என்ன, இவளுக்காகக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டா இருக்கு? பாஸ்வேர்டு தர முடியாதுன்னுட்டேன். ஒருத்திக்குக் குடுத்தா எல்லாவளும் வருவாள்லா. ஒரே பாஸ்வேர்டு வேற. இவகிட்டச் சொன்னா நானூத்துப் பன்னெண்டு பேருக்கும் சொன்ன மாதிரி. அரசாங்கக் காரியத்துல ஒரு ரகசியம் வேண்டாமா?

மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும். மூணு வாரம் மேடம்! மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சா அவ நெழலு வாசல்ல விழும். சண்ட போட மாட்டா, கெஞ்ச மாட்டா. நிப்பா. நான் டப்பாவத் தொறந்து சாப்பிடணும், அவ நிக்கா. எப்படி எறங்கும்? போயித் தொலைன்னு அவளுக்கு மட்டும் பாஸ்வேர்ட மாத்தி, யோகாவுல இருந்து தூக்கி அந்தத் தண்ணிப் படிப்புல போட்டு விட்டேன். "மூணு வாரம் போயிட்டு, இனி உன்னால புடிக்க முடியாது"ன்னும் சொல்லித்தான் விட்டேன். நல்ல எண்ணத்துலதான்.

புடிச்சுட்டா சவத்துப்பிள்ள.

எப்படின்னு கேக்கிய. அவ ஊர்ல டவர் கெடையாதாம். உப்பளத்து வரப்புல ஒரு எடத்துல நின்னாத்தான் நெட்டு வருமாம். காலையில அப்பன் வேலைக்குப் போம்போது கூடப் போயி, வெயில் ஏறுதுக்கு முன்னால அங்கன நின்னுக்கிட்டே பாத்துட்டு, அப்பொறம் பஸ் புடிச்சு காலேஜுக்கு வருவா. அதுல பேசுதது முழுக்க இங்கிலீஷ். புரியாத வார்த்தையெல்லாம் தமிழ் எழுத்துல நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து கேப்பா. "டர்பிடிட்டின்னா என்ன சார்?" எனக்குத் தெரியுமா? அதெல்லாம் சிலபஸ்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ போன பெறகு தேடிப் பாத்தா, கலங்கல். தண்ணி கலங்கலா இருக்கதுக்கு இவ்ளோ பெரிய பேரா? மறுநாள் அவளே வந்து, "கலங்கல் சார்"னு எனக்குச் சொல்லிக் குடுக்கா. எப்படி இருக்கும் எனக்கு?

வாரா வாரம் அவ மார்க்கு என் ஸ்க்ரீன்ல வரும். தொண்ணூத்தி ரெண்டு. தொண்ணூத்தி ஆறு. ஒரு தடவ நூறு. நான் யோகாவுல அமுக்குனதுக்கே தொண்ணூத்தி எட்டுதான் வந்துச்சு, விடை தெரிஞ்சு அமுக்குனதுக்கு. கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்துச்சுன்னு வச்சுக்கிடுங்களேன்.

குடிக்க தண்ணி வேணுமா? ஃபில்டர் தண்ணிதான். வேண்டாமா, சரி.

நவம்பர்ல வந்துச்சு வென. எந்தெந்தக் காலேஜ் நூத்துக்கு நூறு படிப்ப முடிச்சிருக்கோ அவங்களுக்கு ஷீல்டு, பாராட்டு. பட்டியல் அனுப்பக் கடைசி நாள் நவம்பர் முப்பது. நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கேன். நானூத்திப் பதினோரு பேரு முடிச்சாச்சு, பச்சப்பசேல்னு டிக்கு. நடுவுல ஒண்ணே ஒண்ணு மஞ்சளா நிக்கு. 'நடைபெறுகிறது'. யாரு? வேற யாரு! பதினோராவது வாரத்துல நிக்கா மகராசி. பன்னெண்டாவது வாரம் முடிஞ்சு, டிசம்பர்ல திருநெல்வேலியில போயிப் பரிச்ச எழுதுனாத்தான் அவளுக்கு பச்சை விழும்.

பிரின்சிபால் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தாவ. "தொண்ணூத்தொம்பது புள்ளி ஏழு... இது என்னவே புள்ளி?" ஒரு பிள்ள நெஜமாப் படிச்சுக்கிட்டிருக்கு சார்னேன். "நெஜமாப் படிக்கதுக்கு இதுதான் நேரமா?"ன்னாவ.

அவங்க கேட்டதுல என்ன தப்பு? ஒரு ஊரே தேர் இழுக்கும்போது ஒருத்தி மட்டும் நின்னு கும்பிட்டுக்கிட்டிருந்தா தேர் நிலைக்கு வருமா?

அந்த யோகாவுல எப்ப வேணும்னாலும் சேரலாம், எப்ப வேணும்னாலும் முடிக்கலாம். அவ தண்ணிப் படிப்ப ரத்துன்னு அமுக்குனேன். 'உறுதியாக நீக்க வேண்டுமா? இதுவரை செய்தவை அழிந்துவிடும்'னு கேட்டுச்சு. மிஷினு கேக்கும், அதுக்கென்ன. ஆம்னு அமுக்குனேன். யோகாவுல சேத்தேன், ஒண்ணர மணி நேரத்துல பன்னெண்டு வாரத்தையும் முடிச்சேன். பச்ச விழுந்துச்சு. நூத்துக்கு நூறு! பிரின்சிபால் எந்திரிச்சு வந்து கை குடுத்தாவ மேடம். இருபத்திரெண்டு வருஷத்துல மொத தடவ. அந்தா, அந்த போட்டோவப் பாருங்க. ஷீல்டு அவங்க கையில, ஓரத்துல நிக்கது நான். பாதி வெட்டுப்பட்டுருக்கு, ஆனா தெரியும்.

என்ன, எழுதுதத நிப்பாட்டிட்டிய? எழுதுங்க, எழுதுங்க.

ரெண்டு நாள் கழிச்சு வந்தா. பரிச்ச அனுமதிச் சீட்டு எடுக்கணும்னு. என்ன சொல்ல? நடந்தது இன்னதுன்னு சொன்னேன். நான் ஒண்ணும் மறைக்கல. நேர்மையாத்தான் சொன்னேன். அந்த மானிட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டு பச்ச டிக்கவே பாத்துக்கிட்டிருந்தா. அழுவான்னு நெனச்சேன். அழுதா ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லி அனுப்பலாம். அவ அழல.

"எம் பதினோரு வாரம் எங்க சார்?"

இதென்ன கேள்வி? எங்கன்னா? அழிஞ்சுட்டு. "அடுத்த தடவ படிச்சுக்கம்மா, அது எங்க போயிரப் போவுது"ன்னேன். "அடுத்த தடவ அது ஜூலைல சார். ஆளு எடுக்கது ஜனவரில"ங்கா. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? பேரூராட்சிய நானா நடத்துதேன்? நல்ல மனசோட ஒரு வழியும் சொன்னேன்: "யோகா சர்டிபிகேட்டு இருக்குல்லா, அதக் காட்டிக் கேட்டுப் பாரேன், ஏதோ ஒரு சர்க்கார் சர்டிபிகேட்டுதான?" என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. பெத்த அப்பன் வயசு எனக்கு. அப்படிப் பாக்கலாமா?

எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சது, வாசல்ல நெழலு இல்ல, டப்பாவத் தொறந்தேன், சோறு எறங்கல. கொழம்பு சரியில்லன்னு வீட்டுக்காரியப் போயி வஞ்சேன்.

வேல வேற ஒருத்தனுக்குப் போயிட்டு. அவன் அந்த ஊரே இல்லையாம். அவன்கிட்டயும் அந்த சர்டிபிகேட்டு இருந்துச்சாம். அவன் உண்மையிலயே படிச்சானா, இல்ல அவன் காலேஜ்லயும் என்னய மாதிரி ஒரு நல்லவன் இருந்தானா, யாரு கண்டா!

ஜனவரில அடுத்த படிப்புக்குப் பதிவு ஆரம்பிக்கும்போது, சரி, போனது போவட்டும்னு நானே அவளக் கூப்பிட்டு, "செண்பகவல்லி, வேற ஏதாவது படிக்கியாம்மா, பாஸ்வேர்டு தாரேன்"னு கேட்டேன். நோடல் ஆபீசரே வலியப் போயிக் கேக்கேன்! "வேண்டாம் சார்"னுட்டா. பாத்தியளா? இதத்தான நான் மொதல்லயே சொன்னேன்? விருப்பம் இல்ல. இருந்த ஒருத்திக்கும் இல்ல. இத நீங்க தனியா ஒரு அத்தியாயமாவே எழுதலாம்.

உங்க கேள்வித்தாள்களையும் வேணும்னா வச்சுட்டுப் போங்க. முன்னூறா? பிள்ளையளத் தேடி நீங்க ஏன் வெயில்ல அலையணும்? நாளைக்குள்ள நானே நெரப்பித் தாரேன். 'மிகவும் விருப்பம்' கொஞ்சம், 'ஓரளவு விருப்பம்' கொஞ்சம், பாக்கதுக்கு இயற்கையா இருக்க மாதிரி கலந்து போட்டுருதேன். ஏன் பையில எடுத்து வைக்கிய? உங்க இஷ்டம்.

போன வியாழக்கிழம அவ வந்திருந்தா. பரிச்சையெல்லாம் முடிஞ்சுட்டுல்லா, மார்க் ஷீட்டும் டிசியும் வாங்கணும். இப்ப தூத்துக்குடியில ஒரு எறால் கம்பெனியில தோல் உரிக்காளாம். வெரலெல்லாம் ஐஸ்ல ஊறி வெளுத்துப்போயிக் கெடக்கு. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா அதுக்கும் ஒரு கத சொல்லுவா.

விஷயம் என்னன்னா, வார திங்கக்கிழம மேல இருந்து ஒரு குழு வருது. சான்றிதழ் எல்லாம் பிள்ளைய கைக்குப் போச்சான்னு ரெஜிஸ்டரப் பாப்பாங்களாம். வரிச எண், பேரு, கையெழுத்து, தேதி, குறிப்பு. நானூத்துப் பன்னெண்டு பேரத் தேடி எங்க போக? நானே போட்டேன். லேசுன்னு நெனைக்காதிய. பதினஞ்சு கையெழுத்துக்கு ஒரு தடவ பேனா மாத்தணும். நீலம், கருப்பு, ஜெல்லு. பொம்பளப் பிள்ளைய கையெழுத்தக் கொஞ்சம் உருட்டிப் போடணும். காமர்ஸ் பயலுவளுக்கு ரெண்டு கோடு கிழிச்சாப் போதும். நானூத்திப் பதினொண்ணு போட்டேன். அவளோடத மட்டும் காலியா விட்டேன். ஏன்னா... பயம்னு வச்சுக்கிடுங்க. அந்தப் பிள்ள பின்னால வந்து ஒரு கேள்வி கேட்டுட்டா நம்மகிட்டப் பதில் இருக்காது. இதுல ஒப்பம் போட்டாத்தான் மார்க் ஷீட்டுன்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருந்தேன்.

வந்தா. சான்றிதழ நீட்டுனேன். வாங்கி நிதானமாப் படிச்சா. 'யோகாவும் நல்வாழ்வும். பெற்ற மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.' "நல்ல மார்க்கு சார்"னா. ஒரு வருஷத்துல அவ வாயில இருந்து எனக்கு வந்த மொத நல்ல வார்த்த. ஆமாம்மான்னு சொல்லி ரெஜிஸ்டர அவ பக்கம் திருப்பி வச்சேன். குனிஞ்சு எழுதுனா. ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ நேரமான்னு நெனச்சேன், அதுக்குள்ள ஆபீஸ்ல கூப்பிட்டாவ, போயிட்டு வந்தேன். அவ மார்க் ஷீட்ட வாங்கிட்டுப் போயிட்டா.

வந்து பாக்கேன். கையெழுத்து சரியாப் போட்டிருக்கா. குறிப்புன்னு கடைசிக் கட்டம் இருக்குல்லா, நானூத்திப் பதினோரு பேருக்கும் காலியாக் கெடக்குத கட்டம், அதுல குண்டு குண்டா எழுதியிருக்கா: 'இந்தப் படிப்பை நான் படிக்கவில்லை. நான் படித்தது நீர்ப் பரிசோதனை. பதினோரு வாரம்.'

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க. வெள்ள மை பூசலாம்னா குழு கண்டுபிடிச்சுரும். தாளக் கிழிக்கலாம்னா பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடிச்சிருக்கு. மொத்த ரெஜிஸ்டரும் பாழு. ஒரு நிமிஷத்துல மூணு வரி எழுதிட்டுப் போயிட்டா, அடுத்தவன் ஒருத்தன் இதுக்காக நாள் கணக்குல ஒக்காந்து கைய ஒடிச்சிருக்கானேன்னு ஒரு நெனப்பு இருக்கா? அதான் சொல்லுதேன், இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு அடுத்தவங்க உழைப்போட மதிப்பே தெரியல மேடம்.

நீங்க கதவத் தட்டும்போது இதத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன். புது ரெஜிஸ்டர். நேத்தும் இன்னைக்குமா நானூத்திப் பதினொண்ணையும் மறுபடி போட்டாச்சு. இந்தத் தடவ அவளோடதையும் நானே போட்டுருவோம்னு பாக்கேன். அவ போட்டது எதுத்தாப்புல இருக்கு, பாத்துப் போட வேண்டியதுதான? காலையில இருந்து இந்த நாலு தாளு முழுக்க போட்டுப் பாத்துட்டேன். மத்தவனுவளுக்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டு வந்துச்சு. இவளோடது மட்டும் வர மாட்டேங்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க. சவம், ஒரு கையெழுத்தக்கூட மத்தவங்கள மாதிரி போடத் தெரியல அவளுக்கு.